ஏரியில் விழுந்த காற்று

அந்தக் குழாயை என் மகள் முதன்முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, ஏ.சி. மெக்கானிக் விட்டுப்போன சாமான் என்று நினைத்து என் மனைவி அதைத் தூக்கி வாசல் பக்கம் வைத்துவிட்டாள். மகள் பதறிப்போய் எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அன்றைக்கு நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

எஃகுக் குழாய். சுண்டுவிரலைவிட மெல்லியது. நீட்டினால் எங்கள் ராஜகீழ்ப்பாக்கத்துத் தெருமுனைக் கடை வரைக்கும் போகும். அதைச் சுருட்டிச் சுருட்டி, தோசைக்கல் அகலத்துக்கு ஒரு வளையமாக்கி, தெர்மகோல் பெட்டிக்குள் வைத்திருந்தாள். இரண்டு முனையிலும் வால்வு. பலூனில் கட்டி மேலே அனுப்புவார்கள். உயரே போகப் போகக் காற்று மெலியும். குழாய்க்குள் இருப்பதும் தானாக வெளியேறிவிடும். பிறகு பலூன் வெடித்து, பெட்டி பாராசூட்டில் இறங்கும்போது ஒவ்வொரு உயரத்தின் காற்றும் வரிசையாக உள்ளே நுழையும். தரையைத் தொட்டதும் வால்வு மூடிக்கொள்ளும். அதன்பின் சில மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

"எலெக்ட்ரிக் ட்ரெயின் மாதிரிப்பா" என்றாள். "முதல்ல ஏறுனவங்க உள்ள போயிடுவாங்க, கடைசில ஏறுனவங்க வாசல்ல தொங்குவாங்க. ரொம்ப நேரம் ஆச்சுன்னா எல்லாரும் தள்ளிக்கிட்டு இடம் மாறிடுவாங்க. அப்புறம் யாரு எந்த ஸ்டேஷன்ல ஏறுனாங்கன்னு எப்படிச் சொல்றது?"

நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் புவியியல் சொல்லித் தருகிறேன். வளிமண்டல அடுக்குகளைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்று தெரியாது. ஸ்ட்ரேட்டோஸ்பியரில் மேகம் கிடையாது, மழை கிடையாது, அமைதியான அடுக்கு என்று சொல்வேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். மகள் அதைக் கேட்டுச் சிரித்தாள். பெரிய காட்டுத்தீயின் புகை இப்போது அங்கே வரைக்கும் போகிறது, கடலுக்கடியில் வெடித்த ஓர் எரிமலை ஏராளமான நீராவியை அங்கே கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறது, எரிந்து விழும் செயற்கைக்கோள்களின் உலோகத் தூள்கூட அங்கே மிதக்கிறது என்றாள். இதெல்லாம் சேர்ந்து ஓசோனை என்ன செய்யும், கீழே வெயிலையும் மழையையும் என்ன செய்யும் என்பது இன்னும் யாருக்கும் முழுதாகத் தெரியாதாம். நம் பக்கத்து வானத்தில் நேரடியாக அளந்து பார்த்தவர்கள் குறைவு. அதனால்தான் இந்தக் குழாய். அவளுடைய முனைவர் பட்ட ஆய்வும் இதுதான்.

விமானங்கள் பறக்கிற வானம் என்பதால் அனுமதி வாங்கவே பல மாதங்கள் ஆயின. அவளுக்குக் கிடைத்தவை இரண்டே பலூன்கள்.

முதல் பலூனைச் செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரு கல்லூரி மைதானத்திலிருந்து ஒரு சனிக்கிழமை காலை விட்டார்கள். படப்பைப் பக்கம் வெட்டவெளியில் விழும் என்று கணக்கு. அவளுடைய குழுவுக்கு வேன் ஒன்றுதான். அது நெரிசலில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வதென்று, இரண்டாவது ஏற்பாடாக நானும் அவளும் என் ஸ்கூட்டரில் வண்டலூர் அருகே காத்திருந்தோம். தரையை ஒட்டிய காற்று திசை மாறியது. அவள் போனில் பெட்டியைக் காட்டும் புள்ளி நகர்ந்து நகர்ந்து பீர்க்கன்கரணை ஏரிக்கு வந்து நின்றது.

நாங்கள் போனபோது ஆரஞ்சு நிறப் பாராசூட் ஆகாயத்தாமரை மேல் விரிந்து கிடந்தது. பெட்டி பக்கத்தில் சாய்ந்து மிதந்தது. கரையிலிருந்து ஐம்பது அடி இருக்கும். வேன் பெருங்களத்தூரில் நகராமல் நின்றது. அவளுடைய பேராசிரியர் போனில், யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம், நாங்கள் வருகிறோம் என்றார். எனக்கும் கேட்டது.

"அவங்க வர்றதுக்குள்ள கலந்துடும்பா."

"வேண்டாம்மா."

"இடுப்பளவுதான் இருக்கும். எனக்கு நீச்சல் தெரியும்ல."

செருப்பைக் கழற்றினாள். போனை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

பெட்டியைத் தொட்டுவிட்டாள். அதைக் கரைப் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பியபோது சட்டென்று கீழே போனாள். ஒரு முறை தலை வெளியே வந்தது. பிறகு வரவில்லை. ஒரு கையில் போனும் ஒரு கையில் அவள் செருப்புமாக நான் நின்றேன். எனக்கு நீந்தத் தெரியாது. கத்தினேனா என்றால், இல்லை.

சற்றுத் தள்ளி ஒருவர் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். "இன்னா சார், பாத்துகினு கீறே?" என்று கேட்டபடியே காக்கிச் சட்டையோடு இறங்கினார். எவ்வளவு நேரமானது என்று தெரியாது. போன் என் கையில்தான் இருந்தது, மணி பார்த்திருக்கலாம்.

பழைய மீன்வலை ஒன்றில் கால் சிக்கியிருந்தது. அவர் அவளைக் கரைக்கு இழுத்து வந்து, ஒருக்களித்துப் போட்டு, முதுகில் அடித்தார். தண்ணீர் வந்தது. பிறகு இருமல் வந்தது.

"ஒண்ணும் ஆவல சார். ஏரித் தண்ணி ரெண்டு கிளாஸ் குட்ச்சிச்சு. அவ்ளோதான்."

அவள் சொன்ன முதல் வார்த்தை "பாக்ஸ்."

அவர் என்னைப் பார்த்தார். "நல்லா வளத்துகீறே சார்" என்றார். மறுபடியும் தண்ணீரில் இறங்கிப் போய்ப் பெட்டியையும் இழுத்து வந்து என் காலடியில் வைத்தார்.

அவளை ஆட்டோவின் பின் இருக்கையில் தன் துண்டைப் போர்த்திப் படுக்க வைத்தார். நான் பெட்டி அருகில் உட்கார்ந்தேன். தெர்மகோல் ஒரு பக்கம் உடைந்து, வளையம் வெளியே தெரிந்தது. எதையும் தொடாதீங்க, வால்வைத் தொடவே தொடாதீங்க என்று மேசையில் வைத்தே பல முறை சொல்லியிருந்தாள். நான் ஒரு வால்வைத் திறந்தேன். இன்னொன்றையும் திறந்தேன். பச்சை டேப் சுற்றியிருந்த முனையில் வாயை வைத்து ஊதினேன். காற்று எளிதில் போகவில்லை. மூன்று முறை ஊதினேன். பிறகு இரண்டையும் மூடினேன்.

உள்ளே போன தண்ணீர் வெளியேறட்டும் என்று ஊதியதாகச் சொல்லிக்கொள்ளலாம். சில நாள் அப்படிச் சொல்லியும் பார்த்தேன். அது உண்மையில்லை. திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கோபப்பட்டதாகக்கூட நினைவில்லை. கை ஏதோ செய்தது.

நிமிர்ந்தபோது ஆட்டோக்காரர் சட்டையைப் பிழிந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏறு சார். ஆஸ்பத்திரி போலாம்."

வேனில் வந்தவர்கள் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார்கள். மருத்துவமனையில் அவளை அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் என் மனைவி என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"கரையில."

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். வருகைப் பதிவு எடுத்தேன். மதியம் டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். என்ன சாப்பாடு என்று கேட்டால் சொல்லியிருக்க முடியாது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் போய்க் கதவைத் தட்டுவேன். "உயிரோடதான்பா இருக்கேன்" என்று மகள் உள்ளேயிருந்து சொல்வாள். இன்றுவரை தட்டுகிறேன்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் மடிக்கணினியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருமல் இன்னும் இருந்தது. திரையில் ஒரு கோடு. கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போய், பிறகு செங்குத்தாக ஏறி நின்றது.

"இது கார்பன் டையாக்சைடுப்பா. இவ்ளோ அளவு வானத்துல எந்த உயரத்துலயும் கிடையாது. இது மனுஷ மூச்சு. யாரோ ஊதியிருக்காங்க."

நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன்.

"ஆட்டோ அண்ணாவாத்தான் இருக்கும். தண்ணி பூந்துடுச்சுன்னு நினைச்சிருப்பாரு, பாவம்."

"இருக்கும்" என்றேன். அந்தச் சொல் சிரமமில்லாமல் வந்தது.

பேராசிரியர் இதை அப்படியே விடுவதாக இல்லை. வால்வே சரியாக மூடாமல் போயிருந்தால், இரண்டாவது பலூனை வேறொரு மாணவரின் கருவிக்குக் கொடுத்துவிடுவார். வெளியாள் யாராவது கை வைத்திருந்தால், அனுமதியில் இருக்கும் விதிப்படி காவல் நிலையத்துக்கு எழுதித் தர வேண்டும். எதுவென்று இரண்டு வாரத்துக்குள் சொல்லச் சொன்னார்.

"லெட்டர்ல அவர் பேரு, ஆட்டோ நம்பர் போடணும்பா. சும்மா ஃபார்மாலிட்டிதான், ஒண்ணும் ஆகாது. நாமளே போய்ச் சொல்லிட்டு, தேங்க்ஸும் சொல்லிட்டு வந்துடலாம்."

நான் சரி என்றேன். போகும் வழியில் பேக்கரியில் நிறுத்தச் சொல்லி ஒரு கேக் வாங்கினாள். அவள் கேக்கோடு வெளியே வந்தபோது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மறுபடி வண்டியைக் கிளப்பினேன்.

பெருங்களத்தூர் ஆட்டோ ஸ்டாண்டில் அவர் இன்னும் மூன்று பேருடன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, மறுபடியும் ஏரிக்கா?"

"இல்லண்ணா. உங்களப் பாக்கத்தான்."

"கேக்குலாம் வேற. மச்சான், எனக்கு இன்னிக்குப் பொறந்தநாளுடா, எனக்கே தெர்ல." மற்றவர்கள் சிரித்தார்கள்.

அவள் கேக்கைக் கொடுத்தாள். நன்றி சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கி, "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. அன்னிக்கு அந்தப் பெட்டில இருந்த பைப்பை நீங்க ஊதினீங்களா?" என்று கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம்தான்.

"ஆமா பாப்பா. நாந்தான். தண்ணி பூந்துகிச்சோன்னு. தப்பா?"

"இல்லண்ணா, பரவால்ல. எத்தனை தடவை?"

"ஒரு தபா, ரெண்டு தபா இருக்கும்."

"எந்தப் பக்கத்துலேர்ந்து?"

"பைப்புக்கு எத்தினி பக்கம் கீது?" என்றார். நண்பர்கள் மறுபடியும் சிரித்தார்கள்.

அவள் நோட்டை எடுத்தாள். எதற்கு என்று விளக்கினாள். காவல் நிலையம் என்றதும் நண்பர்களின் சிரிப்பு நின்றது. அவர் மட்டும் தலையை ஆட்டி, "எழுதிக்கோமா" என்று வண்டி நம்பரைச் சொல்ல ஆரம்பித்தார். முதல் இரண்டு எழுத்தை அவள் எழுதினாள்.

"அவர் இல்ல" என்றேன். "நான்."

அவள் பேனா நின்றது.

"மூணு தடவை. பச்சை டேப் பக்கத்துலேர்ந்து."

"தெரியாமயா?"

"தெரிஞ்சுதான்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு நோட்டைப் பார்த்தாள். எழுதியிருந்த எழுத்துகளை அடித்தாள்.

"ரெண்டு வால்வையும் திறந்தீங்களா?"

"ஆமா."

"திரும்ப மூடினீங்களா?"

"மூடினேன்."

"எவ்ளோ நேரம் திறந்திருந்துச்சு?"

"தெரியலம்மா."

அதையும் எழுதிக்கொண்டாள். ஆட்டோக்காரர் கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா சார் நீ. ஒரு ஆளு கஷ்டப்பட்டு பொய் சொல்றான், அதுவும் வேஸ்ட்டு" என்றார். "பாப்பா, கேக்கத் திருப்பி வாங்கிக்க மாட்டியே?"

"மாட்டேண்ணா" என்றாள்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் என் தோளைப் பிடிக்கவில்லை, பின் கம்பியைப் பிடித்திருந்தாள். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நின்றபோது பேசினாள்.

"மூச்சுல ஈரம் இருக்கும். டியூப் முழுக்கச் சூடு பண்ணிக் காய வைக்கணும். மூணு நாள் வேலை."

"சரிம்மா."

"சரின்னா?"

சிக்னல் பச்சைக்கு மாறியது. வண்டியை எடுத்தேன்.

மீட்கப் போனவர்களில் ஒருவர் கையால் திறந்துவிட்டார் என்று அறிக்கையில் எழுதினாள். வெளியாள் இல்லை என்பதால் காவல் நிலையக் கடிதம் தேவைப்படவில்லை. இரண்டாவது பலூன் அவளுக்கே கிடைத்தது. இரவுச் சாப்பாட்டின்போது அதைச் சொன்னாள்.

"நீங்க வர வேண்டாம்பா."

"சரி."

"எங்க ப்ரொஃபசரும் அப்படித்தான் சொன்னாரு. அவர் சொல்லலைன்னாலும் நான் சொல்லியிருப்பேன்." தட்டைப் பார்த்தபடி பேசினாள். "அந்த அண்ணா வராரு. கேட்டேன், ஒத்துக்கிட்டாரு."

என் மனைவி கேட்காமலேயே எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். நான் அதையும் சாப்பிட்டேன்.

இரண்டாவது பலூன் போனது ஒரு வேலைநாள். நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். வகுப்பில் போனைப் பார்க்கக் கூடாது. மேசை இழுப்பறையைப் பாதி திறந்து உள்ளே வைத்திருந்தேன். பலூன் வெடித்திருக்கும், இறங்கிக்கொண்டிருக்கும் என்று கணக்குப் போட்டபோது பருவக்காற்றைப் பற்றிய பத்தியை ஒரு மாணவியை வாசிக்கச் சொன்னேன். அவள் முடித்ததும் அடுத்தவளையும் அதையே வாசிக்கச் சொன்னேன்.

செய்தி வந்தது. "லேண்ட் ஆயிடுச்சு. வயல். எடுத்தாச்சு."

நிம்மதி வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வாசித்துக்கொண்டிருந்த பெண் ஒரு சொல்லில் தடுக்கி, மறுபடியும் தொடங்கினாள். நான் தட்டச்சு செய்தேன்: "தண்ணியில இறங்குனியா?"

"இல்ல."

சற்றுக் கழித்து இன்னொன்று வந்தது. "அண்ணா மட்டும். முழங்கால் வரைக்கும்."

இழுப்பறையை மூடினேன். மணி அடிக்க இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. அடுத்த பத்தியை நானே வாசித்தேன்.