கோடு இறங்கினால் பஸ் திரும்புமா?

உங்களுக்கு முடுக்கம் ஞாபகம் இருக்கிறதா? எதற்கு இருக்க வேண்டும் என்கிறீர்களா... நானும் அப்படித்தான் இருந்தேன், போன ஞாயிற்றுக்கிழமை வரை.

அன்று காலை என் மனைவி ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். குடவாசல் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு ஓய்வில்லை.

"இதைப் பாருங்க" என்று ஒரு தாளை நீட்டினார்.

திசைவேகம் - காலம் வரைபடம். ஒரு பஸ் கிளம்புகிறது; கோடு ஏறுகிறது. பிறகு சமமாகப் போகிறது. கடைசியில் சரிந்து இறங்குகிறது. அடியைத் தொடுவதற்குள் படம் முடிந்துவிடுகிறது. கோடு இறங்கும்போது பஸ் என்ன செய்கிறது? கேள்வி அவ்வளவுதான்.

'பஸ் திரும்பி வருகிறது' என்று எழுதியிருந்தது அந்தப் பிள்ளை. ஒரு பிள்ளை இல்லை, கிளாஸில் முக்கால்வாசி!

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. எங்கள் பக்கத்து மினி பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். கடைசி ஸ்டாப் நெருங்கும்போது வேகம் குறையும். அதற்கு மேல் ரோடு கிடையாது, வயல்தான். டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே குடவாசலுக்கு விடுவார். இந்தப் பிள்ளைகள் ஏறிய பஸ்ஸெல்லாம் இப்படித்தான். வேறு எப்படி எழுதும்?

மனைவி பேனாவை மூடினார். "கோடு இறங்கினா வேகம்தாங்க குறையுது. எதிர் முடுக்கம். வண்டி இன்னும் முன்னாடிதான் போயிட்டிருக்கு. மெதுவா போகுது, அவ்வளவுதான்."

"அப்ப தூரம்?"

"கூடிக்கிட்டேதான் போகும்."

தலையாட்டி வைத்தேன். எனக்கென்ன, பரீட்சையா?

அப்போதுதான் போன் அடித்தது.

எங்கள் ஒரே பையன் அமெரிக்காவில் சாஃப்ட்வேரில் இருக்கிறான், குடும்பத்தோடு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான். போன புதிதில் பேச்சே ஓட்டமாக இருக்கும் — புது கம்பெனி, புது ஊர், புது கார். இப்போதெல்லாம் குரலில் அலுப்பு. "ஓடினது போதும்ப்பா. இனிமே கொஞ்சம் நிதானமா இருக்கலாம்னு பாக்குறேன்" என்று போன மாதம் சொன்னான்.

உடனே நான் என்ன செய்தேன் தெரியுமா? மேஸ்திரியைக் கூப்பிட்டுவிட்டேன். பையன் வெளிநாட்டில் இருந்தால், எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு மாடி எழும்பியாக வேண்டும். அட்டாச்டு பாத்ரூம், வெஸ்டர்ன் டாய்லெட்... திரும்பி வருகிறவனுக்கு வசதி வேண்டாமா? "ஆடி பொறக்கறதுக்குள்ள பூஜை போட்டுடலாம் சார்" என்று மேஸ்திரியும் அளந்துகொண்டு போனார்.

அன்றும் பையன் அதே குரலில்தான் பேசினான். "டென்ஷன் இல்லாத வேலைக்கு மாறிட்டேன்ப்பா. செட்டில் ஆயிடலாம்னு இருக்கோம்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாடி விஷயத்தை எடுப்பதற்குள் மனைவி ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

"எந்த ஊர்லப்பா செட்டில் ஆகப் போறே?"

அவன் பேசப் பேச, இவர் "ம்... சரி... நல்லதுப்பா" என்றார். பேத்தியை விசாரித்தார். வைத்துவிட்டார்.

"அங்கேயே வீடு பாத்துட்டாங்களாம். பாப்பா ஸ்கூல் பக்கத்துல."

எனக்கு வலித்தது. வெட்கமாகவும் இருந்தது. பிள்ளைகளாவது பஸ்ஸைத்தான் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். நான் பெற்ற மகனை அல்லவா?

"எப்பதான் திரும்புவான்?" என்று கேட்டேன்.

மனைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திரும்பணும்னா முதல்ல நிக்கணும்ங்க. அவன் எங்க நின்னான்?"

அடுத்த தாளை எடுத்துக்கொண்டார்.

நான் மேஸ்திரிக்குப் போன் போட்டேன். ஆடி கழியட்டும், பார்க்கலாம் என்றேன்.

எந்த ஆடி என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.