ஞானஸ்நானப் பதிவேட்டின் பன்னிரண்டு பெட்டிகள்

மன்னார்ப் பக்கத்துக் கோயில் ஒன்றின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கணினியில் தேடும் பக்கத்தை வடிவமைத்தவன் நான். பெயர், தகப்பன், தாய், ஞானத்தாய், பிற்காலத்தில் கலியாணம் ஆனால் அதே பதிவில் எழுதும் கலியாணக் குறிப்பு என்று பதிவேட்டில் பன்னிரண்டு ஃபீல்ட். திரையிலும் பன்னிரண்டு பெட்டி. வேலை முடிந்த மத்தியானம், கனடாவில் என் யூனியன்வில் வீட்டு ஜன்னலில் பனி விழுவதைப் பார்த்துக்கொண்டு, ஊரே என் பெட்டிகளுக்குள் வந்து அமர்வதாகக் கனவு கண்டேன். நான் அப்படித்தான், வேலை செய்த நேரத்தைவிடக் கனவு கண்ட நேரம் அதிகம்.

முதலில் என் வீட்டுக்குத் தேட வந்தவர் பக்கத்து அஜின்கோர்ட்டில் இருக்கும் மேரி அன்ரி. வயது அறுபத்தொன்று. தம்பி தங்கைகளைக் கரைசேர்த்துவிட்டு, இப்போதுதான் தனக்கென்று கலியாணம், அடுத்த மாதம். ஞானஸ்நானப் பதிவு இல்லாவிட்டால் நாள் தள்ளிப்போகும் என்று பாதர் சொல்லிவிட்டார்.

மூன்று தரம் தேடினார். மூன்று தரமும் 'ஒன்றும் இல்லை' என்றது திரை.

"உதிலை நான் இல்லைப் போலை கிடக்கு, தம்பி."

அந்தக் குரலில் என் கனவு கலைந்தது. எட்டிப் பார்த்தேன். தெரியாத பெட்டிகளில் எல்லாம் 'தெரியாது' என்று எழுதியிருந்தார்.

"ஏன் அன்ரி எல்லாத்தையும் நிரப்பினனீங்கள்?"

"வெறுமையா விட்டால் ஃபோமைத் திருப்பி அனுப்பிப்போடுவினமெல்லே! அகதிக் கேஸிலை ஒரு பெட்டி விட்டதுக்கு எட்டு மாசம் காத்திருந்தனான்."

நிரப்பிய எல்லாப் பெட்டியும் பொருந்தினால்தான் பதிவைக் காட்டும்படி செய்திருந்தேன். 'தெரியாது' என்ற பெயரில் மன்னாரில் யார் இருக்கப்போகிறார்கள்? வெட்கமாக இருந்தது.

இரண்டு நாளில் பன்னிரண்டையும் கழற்றிவிட்டு ஒரே ஒரு பெட்டி வைத்தேன். 'நினைவில் இருப்பதை எழுதுங்கள்' என்று மேலே ஒரு வரி. எழுதியது எந்த ஃபீல்டில் அகப்பட்டது என்பதை ரிசல்ட்டே சொல்லிவிடும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: பதிவேட்டுக்கு எத்தனை பெட்டியும் இருக்கட்டும், தேடுகிறவருக்கு ஒன்று போதும்.

மறுபடி வந்த அன்ரி தன் பெயரைக்கூட எழுதவில்லை. ஞானத்தாயின் பெயரை மட்டும் எழுதினார்: செசிலியா. செசிலியா ஞானத்தாயாக நின்ற நான்கு குழந்தைகள் திரையில் வந்தார்கள். மூன்றாவது, அன்ரி.

தன் பதிவை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துக்கொண்டு போனவர், கடைசி இடத்தில் நின்றார். கலியாணக் குறிப்பு. அங்கே ஒன்றும் இல்லை.

"கலியாணம் முடிஞ்ச பிறகு பாதர் எழுதுவார், அன்ரி," என்றேன்.

வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. அன்ரி சிரித்தார்.

"ஓம் தம்பி. உந்தப் பெட்டி மட்டும் அடுத்த மாசம் வரைக்கும் வெறுமையாக் கிடக்கட்டும்."