வேலிக்குள் இருந்த கிணறு

1. லாரியில் போன வியாழக்கிழமை

அந்தத் தோட்டத்துக்கு முதல் தடவை போனபோது லாரியில் எனக்கு எதிரே இரண்டு துப்பாக்கிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் மடியில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் மரத்தூள், ஐஸ்கட்டி, நான்கு சாம்பிள் பாட்டில்கள். மலாக்காவில் ஜாசினைத் தாண்டி நியாலாஸ் போகும் சாலையில் குண்டும் குழியும் அதிகம். பாட்டில் உடைந்துவிடக் கூடாது என்ற ஒரே கவலைதான் எனக்கு. துப்பாக்கிக்காரர்களுக்கு வேறு கவலை. அவர்கள் இரண்டு பக்கத்து ரப்பர் மரங்களிலிருந்தும் கண்ணை எடுக்கவில்லை.

அது மலாயாவில் அவசர காலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு அரிசியும் மருந்தும் போய்ச் சேரக் கூடாது என்று தோட்டத்து மக்களை ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். நான் சானிட்டரி இன்ஸ்பெக்டர் படிப்பில் இருந்தேன். பாதிப் படிப்பு கோலாலம்பூரில் வகுப்பறையில், மீதி மலாக்காவில் ஒரு மூத்த இன்ஸ்பெக்டரின் கீழ் வேலை பழகுவது. இப்போது இதையே சுற்றுச்சூழல் சுகாதாரம் என்று பல்கலைக்கழகத்தில் பல வருடம் படிக்கிறார்கள். அப்படிப் படிக்கும் சில பிள்ளைகள் தங்கள் ஆண்டு மலருக்கு என்னை எழுதச் சொன்னார்கள். சாதனையாக ஏதாவது எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு நினைவில் நிற்பது இதுதான்.

என் மூத்தவர் பெயர் சவரிமுத்து. நல்ல மனிதர், ஆனால் களைத்துப் போனவர். முழு மாவட்டத்துக்கும் அவர் ஒருவர்தான். பல தோட்டங்களுக்குத் துப்பாக்கிக்காரர்களின் எஸ்கார்ட் இல்லாமல் போக முடியாது. எஸ்கார்ட் கிடைக்கும் நாளில் அவருக்கு வேறு எங்காவது வேலை இருக்கும். அந்தத் தோட்டத்தில் மூன்று பேருக்கு டைபாய்டு என்று அங்கே மருந்து கொடுக்கும் டிரெசர் தகவல் அனுப்பியிருந்தார். சவரிமுத்து சார் கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"நீ போய்ட்டு வாப்பா. கிணத்தப் பாரு, கக்கூஸப் பாரு, சாம்பிள் எடு. ரெண்டு மணி லாரிய விட்டுடாதே. விட்டா ராத்திரி அங்கதான்."

வேலிக்குள் நுழைந்ததுமே எனக்குப் பாடப்புத்தகம் கண்முன் வந்தது. கிணற்றுக்கும் குழிக் கக்கூஸுக்கும் நடுவே குறைந்தது நூறடி இருக்க வேண்டும், கக்கூஸ் பள்ளமான பக்கம் இருக்க வேண்டும் என்று படித்திருந்தோம். இங்கே கக்கூஸ் மேட்டில் இருந்தது. கிணறு அதற்குக் கீழே. நான் அடி வைத்து அளந்தேன். நாற்பதுகூட வரவில்லை. மேல் டிவிஷன் ஆட்களையும் கொண்டுவந்து சேர்த்ததில் அந்தச் சின்ன வளைப்புக்குள் லயத்து வரிசை வீடுகள் நெருக்கியடித்து நின்றன. வேறு எங்கேயும் குழி தோண்ட இடமில்லை. அவர்கள் முன்பு தண்ணீர் எடுத்த மலை ஊற்று வேலிக்கு வெளியே, ரப்பர் மரங்களுக்கு நடுவே, சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

2. பவுடர்

கிணற்றை உடனே மூட முடியாது. மூடினால் குடிக்க ஒன்றும் இல்லை. புத்தகம் சொன்ன வழி ஒன்று இருந்தது: பிளீச்சிங் பவுடரைக் கரைத்து அதிக அளவில் ஊற்று, மறுநாள் வரை விடு, பிறகு வாடை குறையும்வரை தண்ணீரை இறைத்துக் கொட்டு. கிணற்றின் குறுக்களவு, தண்ணீரின் ஆழம் எல்லாம் அளந்து கணக்குப் போட்டேன். இரண்டு முறை சரிபார்த்தேன். கணக்கு சரிதான்.

பெரிய கிராணியார் பக்கத்தில் நின்று பார்த்தார். தோட்ட ஆபீசில் மானேஜர் துரைக்கு அடுத்த ஆள் அவர். நாளைக்கு நாலைந்து ஆட்களை விட்டு இறைத்துவிடுங்கள் என்று அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். ஆட்கள் எல்லாரும் காலையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விடுவார்கள், இறைக்க யாரை விடுவீர்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு மணி லாரி நின்றுகொண்டிருந்தது. நான் ஏறிவிட்டேன்.

அதன்பின் வியாழன்தோறும் போனேன், சாம்பிள் எடுத்தேன், பவுடர் போட்டேன். பாட்டிலுக்குள் குளோரினை முறிக்க ஹைப்போ போட்டிருப்பார்கள். அதைக் கழுவிவிடாமல், விரல் படாமல் எடுக்க வேண்டும். அதிலெல்லாம் நான் கெட்டி. முதல் வாரச் சாம்பிள் மோசம். அடுத்த வாரத்துச் சாம்பிள் சுத்தம். அதற்கடுத்ததும் சுத்தம். சவரிமுத்து சார் லேப் தாளைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு என் லாக் புக்கில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார். பரீட்சையில் லாக் புக்கையும் பார்ப்பார்கள். நான் பசை தடவி நேராக ஒட்டினேன்.

ஆனால் காய்ச்சல் நிற்கவில்லை. முதல் மூன்று பேரும் நான் போவதற்கு முன்பே படுத்தவர்கள். ஒரு மாதம் கழித்து மேலும் இரண்டு பேர் படுத்தார்கள். பிறகு ஒரே வாரத்தில் நான்கு பேர். அதில் ஒருவர் கருப்பன், புல்வெட்டு வேலை பார்த்தவர். அவரை லாரியில் படுக்கவைத்து மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் மனைவி அஞ்சலை கூடவே போனார். மாலைக்குள் வேலிக்குள் திரும்பியாக வேண்டும் என்பதால் கணவரை அங்கே விட்டுவிட்டு அதே லாரியில் திரும்பினார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் சுத்தம். காகிதம் கையில் இருக்கிறது. ஈயாக இருக்கும் என்று நினைத்தேன். சமையல் செய்கிற யாரோ நோயைச் சுமக்கிறார்கள் என்று நினைத்தேன். கக்கூஸ் குழிகளுக்கெல்லாம் மூடி போடச் சொன்னேன். பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில் பால் கலக்கும் கிழவியின் மலத்தைச் சோதனைக்கு அனுப்பினேன். பாவம், அவர் கூனிக் குறுகிப் போனார். அதிலும் ஒன்றும் இல்லை.

3. அஞ்சலை சொன்னது

அடுத்த வியாழன் அஞ்சலையின் வீட்டுக்குப் போனேன். நோய் கண்ட வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள் அச்சடித்த ஒரு பாரத்தில் இருந்தன. வயது என்ன, எத்தனை பேர், எப்போது காய்ச்சல் தொடங்கியது, வெளியூர் போனாரா. அஞ்சலைக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பால்வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். கையில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொன்னார்.

கடைசியில் ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் சொன்னேன், கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துவிட்டோம், அது இப்போது சுத்தமாக இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று.

அஞ்சலை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். கிராணியார் இரண்டு வீடு தள்ளி, ஆட்களை வேலை வாங்கும் தண்டலோடு பேசிக்கொண்டிருந்தார். அஞ்சலை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தத் தண்ணிய யாருங்கய்யா குடிக்கிறா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடி கேட்டேன்.

"நீங்க மருந்து போட்ட அன்னைக்கே மூக்குல வைக்க முடியல. எறைக்கவும் யாரும் வரல. கண்ணு எரியுது. சோத்துல வாடை. புள்ளைங்க வாயில வச்சிட்டுத் துப்பிடுச்சிங்க. துணி தொவைக்கத்தான் எடுக்கிறோம்."

"அப்போ குடிக்க எங்கக்கா எடுக்கிறீங்க?"

மறுபடி வாசலைப் பார்த்தார். பிறகு முகவாயைத் தூக்கிப் பள்ளத்துப் பக்கம் காட்டினார். கடைசி லயத்துக்குப் பின்னால், வேலி ஓரத்தில், மணலில் தண்ணீர் கசியும் இடம் ஒன்று இருந்தது. பெண்கள் அதைச் சிரட்டையால் தோண்டி, தெளியவைத்து, குடத்தில் நிரப்பினார்கள். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், குடித்தால் இனிக்கும் என்றார். மேட்டிலிருந்த கக்கூஸ் குழிகளின் ஊறல் எல்லாம் மழைக்கு அந்தப் பள்ளத்துக்குத்தான் இறங்கியது. நான் அந்தப் பக்கம் ஒருநாளும் நடந்து பார்த்ததில்லை. என் பாரத்தில் கிணறு என்றுதான் இருந்தது.

ஏன் யாரும் இதை முன்பே சொல்லவில்லை என்பதற்கு அவர் விளக்கம் தரவில்லை, தரவேண்டிய அவசியமும் இல்லை. வேலிக்குப் பத்தடிக்குள் யாரும் போகக் கூடாது என்பது சட்டம். போனால் காட்டுக்குச் சாமான் கடத்துகிறாய் என்பார்கள். அந்த வருடம் அப்படிப் பிடிபட்டுப் போன ஒரு தண்டல் திரும்பியே வரவில்லை. பெண்கள் துப்பாக்கிக்காரர் மறுபக்கம் நடக்கும் நேரம் பார்த்துத்தான் தண்ணீர் மொண்டார்கள்.



4. ரிப்போர்ட் எழுதியது

நடந்ததை நடந்தபடி எழுதினால் அந்த லயத்துப் பெண்கள் மாட்டிக்கொள்வார்கள். எழுதாவிட்டால் வேலி ஓரத்து ஊறலை மூட முடியாது. சவரிமுத்து சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தானும் அந்த லேப் தாளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன்தானே என்று மட்டும் சொன்னார். பிறகு காகிதம் எடுக்கச் சொன்னார்.

"வேலி ஓரத்துல அழுக்குத் தண்ணி தேங்கி நிக்குது, மூடணும்னு எழுது. யார் எடுத்தான்னு எழுதாதே. கெணறு மனுசன் குடிக்க லாயக்கில்ல, ஊத்துத் தண்ணிக்கு வேலிக் கேட்டத் தொறந்து விடணும்னு அடுத்த வரியில எழுது. நானும் கூட வர்றேன்."

இருவருமாகத் துரையைப் போய்ப் பார்த்தோம். துரை கெட்டவர் இல்லை. அவர் கார் போகும் வழியிலும் சுட்டிருக்கிறார்கள். ஊற்றிலிருந்து குழாய் போட முடியுமா என்று கேட்டதற்கு, போடலாம், வெளியே இருக்கும் குழாயை யார் காவல் காப்பது என்றார். கேட்டைத் திறப்பது தன் கையில் இல்லை, பாதுகாப்பை நடத்தும் மாவட்டக் கமிட்டியைக் கேட்க வேண்டும் என்றார். ஊறலை மூடவும், பதில் வரும்வரை ஃபேக்டரி பக்கத்தில் இரண்டு டிரம்மில் தண்ணீர் காய்ச்சிக் கொடுக்கவும் ஒத்துக்கொண்டார். டிரெசர்தான் பொறுப்பு. பெண்கள் வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள். அதன்பின் சில வாரங்களில் புதுக் காய்ச்சல் குறைந்தது.

கருப்பன் அதற்குள் இறந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி ஆபீசுக்கு வந்து, ஆபீசிலிருந்து கிராணியார் வழியாக, மரத்தடியில் நின்றுகொண்டிருந்த அஞ்சலைக்குப் போய்ச் சேர்ந்தது. இதை டிரெசர் எனக்குச் சொன்னார். பவுடர் போட்ட நாளையும் கருப்பன் படுத்த நாளையும் நான் எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். நான் போடாமல் இருந்திருந்தால் அவர் கிணற்றுத் தண்ணீரையே குடித்திருப்பார். அதிலும் கிருமி இருந்தது. அப்போதும் படுத்திருக்கலாம், படுக்காமலும் இருந்திருக்கலாம். எப்படிக் கூட்டினாலும் எனக்கு அது நேராக வரவில்லை.

கமிட்டியின் அனுமதி ஒரு நிபந்தனையோடு வந்தது. மதியத்துக்குப் பின் ஒரு மணி நேரம் பெண்கள் மட்டும் ஊற்றுக்குப் போகலாம். போகும்போதும் வரும்போதும் சோதனை. குடத்துக்குள் கம்பு விட்டுப் பார்த்தார்கள். அதற்கென்று நியமித்த ஒரு பெண் தகரத் தட்டிக்குப் பின்னால் நின்று, போகிறவர்களின் சேலையைத் தடவி, கொண்டையை அவிழ்க்கவைத்துப் பார்த்தார். அரிசி கட்டியிருக்கிறார்களா என்று. நல்ல தண்ணீர் கிடைத்தது. கேட்டைத் திறக்கச் சொல்லி எழுதிய ரிப்போர்ட்டில் என் கையெழுத்தும் இருக்கிறது.

5. பரீட்சையும் அதற்குப் பிறகும்

கோலாலம்பூரில் வாய்மொழித் தேர்வு நடந்தது. பரீட்சை எடுத்த வெள்ளைக்கார டாக்டர் என் லாக் புக்கைப் புரட்டினார். கிணற்றுச் சாம்பிள் தாள்கள் ஒட்டிய பக்கத்தில் நிறுத்தி, கணக்கை ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். நன்றாகச் செய்திருக்கிறாய் என்றார். அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அந்தச் சான்றிதழ் வேண்டியிருந்தது. வீட்டில் மூத்த பிள்ளை நான். பாஸ் செய்தேன்.

என்னை ஜாசின் பக்கமே போட்டார்கள். சவரிமுத்து சார் ஓய்வு கேட்டு எழுதியிருந்தார். இன்ஸ்பெக்டராக அந்தத் தோட்டத்துக்கு நான் முதலில் போன நாள், மதியம், கேட்டுக்கு உள்ளே பெண்கள் குடத்தோடு வரிசையாக நின்றிருந்தார்கள். அஞ்சலை நடுவில் நின்றிருந்தார். நெற்றியில் பொட்டில்லை. நான் கிட்டே போனேன். என்ன சொல்வது என்று லாரியில் வரும்போதெல்லாம் யோசித்திருந்தேன். நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது. நான்தான் முதல் நாளே உங்களிடம் கேட்டிருக்க வேண்டும் என்று ஏதோ சொன்னேன்.

அவர் குடத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை. வேலை முடிந்து வந்த அலுப்புதான் இருந்தது.

"நீங்க கேக்கல தம்பி. நாங்களும் சொல்லல. என்ன பண்றது, வுடுங்க."

வரிசை நகர்ந்தது. அவர் தகரத் தட்டிக்குப் பின்னால் போனார்.

அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் அதே வேலை பார்த்தேன். மலாக்கா டவுன் சாப்பாட்டுக் கடைகள், உம்பாய் மீன் கொட்டகைகள், டுரியான் துங்கால் பக்கத்துத் தோட்டங்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் உட்கார்ந்து, எங்கே தண்ணீர் எடுக்கிறீர்கள், உண்மையாகவே எங்கே என்று கேட்டேன். யாரைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள் என்பதையும் சுற்றிவளைத்துத் தெரிந்துகொண்டேன். அதில் நேரம் போகும். லாரி போய்விடும். மேலதிகாரிகள் முணுமுணுப்பார்கள். சில சமயம் அப்படியும் பதில் வராது.

அஞ்சலை தவறில் பாதியைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டது எனக்காகத்தான் என்று அப்போதே தெரியும். ஆனால் அது சரியான பங்கு இல்லை. சொல்வது அவர்கள் வேலை இல்லை. அதற்கு அவர்களுக்கு யாரும் சம்பளம் தரவில்லை, சொன்னால் பிடித்துக்கொண்டு போகத்தான் ஆள் இருந்தது. கேட்பதுதான் என் வேலை.