நீலப் பட்டை நகரும்போது

மடிக்கணினியிலிருந்து ஏதோ ஒரு கோப்பு அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எதிர்வீட்டு பால்கனியில் புறா விரட்டக் கட்டியிருந்த சிடி வெயிலில் திரும்பி என் சுவரில் வெளிச்சத்தை ஓடவிட்டதும், சின்ன வயதில் கொல்கத்தாவில் நாங்கள் இருந்த டாலிகஞ்ச் வீட்டின் பயம் அப்படியே திரும்பி வந்தது.

துர்கா பூஜைப் பந்தல்களை வீடியோ எடுத்து, மதுரையிலிருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப, அப்பா அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் சிடியில் பதிவார். தரை அதிர்ந்தால் சிடி கெட்டுவிடும் என்பது அவர் நம்பிக்கை. அதனால் எவ்வளவு பதிவானது என்று காட்டும் நீலப் பட்டை திரையில் நகரத் தொடங்கியதும் நானும் அக்காவும் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொள்வோம், அம்மா குக்கரை இறக்கிவிடுவாள், மாடிப்படியில் பக்கத்துவீட்டுக் காக்கிமாவின் செருப்புச் சத்தம் கேட்டால் கதவைத் திறந்து, "ஆஸ்தே, காக்கிமா, ஆஸ்தே" என்று மெதுவாக நடக்கச் சொல்லிக் கெஞ்சுவாள். பட்டை தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டினால் நான் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொள்வேன். கெட்டுப்போன சிடிகளை அப்பா ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிடுவார்; ஒவ்வொன்றும் எங்களில் யாரோ ஒருவர் செய்த குற்றம்.

ஒருநாள் மாலை வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். தொண்ணூற்றெட்டில் பட்டை நின்றுவிட்டது.

அப்பா திரும்பாமலே கேட்டார். "யாரு நடந்தது?"

"நான்தாம்ப்பா."

அந்தச் சிடியையும் கம்பியில் கட்டினார்.

கோப்பு இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. மேசைக்கடியில் குனிந்து பார்த்தேன். என் கால்கள் இரண்டும் தரையில் இல்லை.