அண்ணை கொண்டுவந்த ஊறுகாய்ப் போத்தல்

முதுகில் ஒரு சத்திரசிகிச்சை செய்த பிறகு என் வலது கால் முழங்காலுக்குக் கீழே மரத்துப்போய்விட்டது. மரத்துப்போன கால் வலிக்காது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வலிக்கும். கிள்ளினால் தெரியாது, ஆனால் உள்ளுக்குள் அடுப்பு மூட்டி வைத்ததுபோல எரிந்துகொண்டே இருக்கும். அந்தக் காலோடுதான் என் கணவரின் செத்தவீட்டிலும் நின்றேன். சவப்பெட்டி எரியூட்டும் அறைக்குள் போனபோது எனக்கு அழுகை வரவில்லை. பின்வரிசையில் இருந்தவர்கள் அதைக் கவனித்துப் பேசிக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். பேசட்டும். எனக்கே விளங்காத ஒன்றை அவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

எந்த மாத்திரைக்கும் எரிவு கேட்காமல் போனபின் ஒரு தனியார் மருத்துவர் எனக்குக் கஞ்சா எழுதித் தந்தார். கஞ்சா என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. அவர் சொன்ன பெயர் அழகாக இருந்தது, ஆனால் பொதியைத் திறந்து மணந்து பார்த்தால் சாமான் அதுதான். லண்டனில் ஆசைக்கு வாங்குவது குற்றம், மருந்துக்கு வாங்குவது சட்டம். கூரியர்காரன் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவான். டப்பாவில் என் பெயரும் மருத்துவர் பெயரும் ஒட்டியிருக்கும். புகைக்கக் கூடாது, சின்னக் கருவியில் சூடாக்கி ஆவியைத்தான் இழுக்க வேண்டும். எடுத்தபின் கார் ஓட்டக் கூடாது. டப்பாவை மாற்றக் கூடாது. எல்லாவற்றையும் நான் கடைப்பிடித்தேன். வேலை முடிந்து வந்து, மாலையில் மட்டும் எடுப்பேன். கால் அடங்கும். மற்றதெல்லாம் ஏற்கெனவே அடங்கித்தான் கிடந்தது.

மணம்தான் பிரச்சினை. கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் எங்கள் தெருவில் பாதி வீடு நம்மவர்கள். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் மூன்று வீட்டுக்குப் பசிக்கும். அதனால் கருவியை எடுக்கும் முன் சாம்பிராணி போட்டுவிடுவேன். தினமும் ஆறு மணிக்குச் சாம்பிராணிப் புகை என் ஜன்னலால் போவதைப் பார்த்து, மனிசன் போனபின் எனக்குப் பக்தி முற்றிவிட்டதென்று தெருவில் முடிவுகட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் மகளின் சாதகத்தைக் கொண்டுவந்து சாமிப் படத்தடியில் வைத்து எடுத்துத் தரச் சொன்னாள். வைத்து எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பிள்ளைக்குக் கலியாணமும் சரிவந்துவிட்டது.

மருந்தைப் பற்றி என் வேலையிடத்தில் மட்டும் சொல்லியிருந்தேன். நான் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பழப்பெட்டி திறந்து கொடுப்பது, சண்டை விலக்குவது, அழுகிறவர்களுக்கு மூக்குத் துடைப்பது. பெரிய வேலை இல்லை. ஆனால் என் கணவர் போனபின் காலையில் நான் கட்டிலை விட்டு எழும்பியது அதற்காக மட்டும்தான். பொலிஸ் பதிவில் என் பெயரில் ஒரு கீறல் விழுந்தாலும் அந்த வேலை போய்விடும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டு ஆட்களில் தெரிந்தவர் ஜெர்மனியில் இருக்கும் என் அண்ணை மட்டும். ஒருநாள் போனில் என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும். அண்ணை அந்தக் காலத்திலிருந்தே வெள்ளிக்கிழமை விரதக்காரர். பியர் ஆறாக ஓடுகிற நாட்டில் முப்பது வருசத்துக்கு மேல் இருந்தும் ஒரு மிடறு தொட்டதில்லை. ஏசப்போகிறார் என்று பயந்தேன். அவர், "கால் நோ குறையுதோ?" என்று மட்டும் கேட்டார். "ஓம், குறையுது" என்றேன். போனை வைத்துவிட்டார்.

அடுத்த வருசம் வெம்பிளியில் ஒரு சொந்தக்காரக் கலியாணம். அண்ணை பிளேனில் வந்து என் வீட்டில்தான் தங்கினார். வந்தவுடன் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் பெட்டியைத் திறந்தார். சொக்கலேட், மிளகாய்த்தூள், பனியனால் சுற்றிய ஒரு ஊறுகாய்ப் போத்தல். தங்கச்சி வீட்டுக்கு வெறுங்கையோடு வந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

போத்தலை என் கையில் தந்தார். "இந்தா பிடி. முதல் அறுவடை."

மூடியைத் திறந்தேன். என் டப்பாவின் மணம்.

"அண்ணை, இது..."

"ஓம், அதுதான். அங்க இப்ப சட்டம் விட்டிருக்கு. ஆள் ஒருத்தர் வீட்டில மூண்டு செடி வளர்க்கலாம். பல்கனியில வைச்சு வளர்த்தனான். பூச்சிமருந்து ஒண்டும் அடிக்கேல்ல."

"இதைப் பெட்டிக்குள்ள வைச்சே பிளேனில கொண்டு வந்தனீங்கள்?"

"பின்ன? கைப்பையில வைச்சா மணக்கும்தானே."

எனக்குக் கோபமும் வரவில்லை, பயமும் உடனே வரவில்லை. கையில் போத்தலோடு நின்றேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. விமான நிலையத்தில் ஒரு நாய் மோப்பம் பிடித்திருந்தால் அண்ணை இப்போது அறையொன்றுக்குள் இருந்திருப்பார். இனி இந்த வீட்டுக்குள் யாராவது பார்த்தால் நானும் என் பள்ளிக்கூடமும் முடிந்தோம். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதைதான்.

"அண்ணை, அங்க சட்டம். இஞ்ச குற்றம். எல்லை தாண்டிக் கொண்டு வாறது அதைவிடப் பெரிய குற்றம். என்ர வேலை போயிடும்."

"நீயும் பாவிக்கிறாய்தானே?"

"எனக்கு டொக்டர் எழுதினது. டப்பாவில என்ர பேர் இருக்கு."

"பூ ஒண்டுதானேயம்மா?"

"பூ ஒண்டுதான் அண்ணை. ஆனா இதை நான் வைச்சிருக்க ஏலாது."

அவர் கதிரையில் இருந்தார். கைபேசியை எடுத்துப் படங்களைக் காட்டினார். பல்கனியில் மூன்று தொட்டிகள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடாதென்று சுற்றிவரக் கம்பிவலை அடித்து ஒரு பூட்டும் போட்டிருந்தார். ஒரு படத்தில் செடிக்குக் குடை பிடித்திருந்தது. ஆலங்கட்டி மழை பெய்த நாளாம். பூவை நிழலில் காயவைக்கும் விதத்தை அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவனிடம் போய்ப் படித்தாராம். அண்ணைக்கு அந்தப் பாஷையில் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கவே இன்னும் தடுமாற்றம். அதை எல்லாம் நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. தோன்ற வேண்டும் என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

"கக்கூசுக்குள்ள போட்டு இழுத்துவிடுவம்" என்றேன்.

"நான் வளர்த்தது. நானே போடுறன்" என்று எழும்பினார்.

பூ மிதக்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. தண்ணீரை இழுத்துவிட்டால் சுற்றிச் சுற்றி வந்து திரும்பவும் மேலே நின்றது. அண்ணை சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்து நின்று பழைய கரண்டியால் அமுக்க, நான் இழுத்துவிட்டேன். தண்ணீர்த்தொட்டி மறுபடி நிரம்பும்வரை இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எல்லாம் போனபின் போத்தலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்ல போத்தல். நீ தேசிக்காய் ஊறுகாய் போடு" என்று தந்தார். பிறகு தேத்தண்ணி குடித்தோம். கலியாணத்தில் வடையோடு இரண்டு தரம் பாயசம் குடித்தார். மறுநாள் போய்விட்டார்.

அண்ணை போன அன்று மாலை வழமைபோல் சாம்பிராணி போட்டுவிட்டு என் டப்பாவைத் திறந்தேன். மணம் மூக்கில் ஏறியதும் குடைக்குக் கீழே நின்ற அந்தச் செடி கண்ணுக்குள் வந்தது. மூடி வைத்துவிட்டேன். கால் எரியத் தொடங்கியது. எரிந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் போன் அடித்தது.

"வந்து சேர்ந்திட்டன். கால் எப்பிடி?"

"நோகுது அண்ணை."

"மருந்து எடுக்கேல்லையோ?"

"இல்லை."

மறுமுனையில் பல்கனித் தொட்டியை இழுத்து நகர்த்தும் சத்தம் கேட்டது.

"மருந்தை எடு. பேர் ஒட்டினதை எடு, என்ன? நான் இந்தத் தொட்டியளில வாற வருசம் தக்காளி நடுறன். தக்காளி கொண்டு வரலாமோ எண்டு மட்டும் முன்கூட்டியே விசாரிச்சுச் சொல்லு."

"ஓம்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். செத்தவீட்டில் வராத அழுகை வந்தது. அண்ணை போனை வைக்கவில்லை. அழுது முடியும்வரை மறுமுனையிலேயே இருந்தார்.