கடப்பாரைக்கு அடியில் கிடைத்த கண்ணாடி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போகிற ஆள் நான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள். தினமும் அந்தக் கருமத்தைத் துடைக்கிறவள் நான்தானே.

மலையில் காந்தல் என்கிற எங்கள் ஊரில், வீட்டுக்கு மேலே ஒரு ரூம் கட்ட வாசலில் மணல் இறக்கியிருந்தோம். இடி இடித்தால் எங்கள் ஆட்கள் ஏதாவது இரும்பை வாசலில் போடுவார்கள், இடி வீட்டை விட்டுவிட்டு அதில் இறங்கட்டும் என்று. அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் கடப்பாரையைச் சும்மா போடாமல் மணல் குவியலில் நட்டுவிட்டு வந்தார். சொல்லிவைத்த மாதிரி அதிலேயே இறங்கியது.

மழை விட்டதும் தோண்டினார். கடப்பாரைக்கு அடியில் முழ நீளத்துக்கு ஒரு குழாய், வெளியே சொரசொரவென்று மணல், உள்ளே வழவழவென்று கண்ணாடி. மின்னல் மணலை உருக்கினால் இப்படி ஆகும் என்று போனில் பார்த்துச் சொன்னார். எனக்கோ முடி கருகின வாடைதான் அடித்தது, மூக்கைப் பொத்திக்கொண்டேன். இந்த மனிதர் சும்மா இருப்பாரா, வாயில் வைத்து ஊதப் போனார்.

“ஏனுங்க, கருமம், கீழ போடுங்க!”

“நா எங்க ஊதுனேன் சாந்தி, அதுதான் உறிஞ்சுது” என்று சிரித்தார். முகம் மட்டும் வெளுத்திருந்தது.

நாலு பேருக்குக் காட்ட வேண்டுமாம், கழுவி ஷோகேசில் வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், குழாயின் வாய்க்கு நேரே ஷோகேஸ் கண்ணாடியில் ஆவி படிகிறது, மறைகிறது, மறுபடியும் படிகிறது. கீழே கொழகொழவென்று எச்சில். சத்தியமாக எச்சில்தான். அருவருப்பு தாங்காமல் கையிலிருந்த துணியைச் சுருட்டி அதன் வாயில் திணித்தேன். சமையல்கட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைப் போட்டுவிட்டுக் கழுத்தைப் பிடித்தபடி சரிந்தார். வாயைத் திறக்கிறார், மூச்சு ஏறவில்லை, உதடு நீலமாகிறது. எனக்கு என்ன தோன்றியதோ, ஓடிப்போய்த் துணியைப் பிடுங்கினேன். அப்புறம்தான் அவருக்கு மூச்சு வந்தது. டீ புரையேறிவிட்டது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார், நானும் விட்டுவிட்டேன்.

உடைத்துப் போடேன் என்பீர்கள். எங்கே, நீங்கள் வந்து உடையுங்கள் பார்க்கலாம். அவர் கண்ணில் படுவதற்குள் தினமும் துடைத்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

நேற்று மேட்டுப்பாளையத்துக்கு லோடு ஏற்றிப் போனவர் போனை எடுக்கவில்லை. மலைப்பாதையில் மண் சரிவு என்று டிவியில் ஓடுகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஷோகேஸ் முன்னால் போய் நின்றேன். ஆவி படிந்தது, மறைந்தது. துடைத்தேன். துணியில் மீன் குழம்பு வாடை.

சாயங்காலம் வந்து சேர்ந்ததும், “மத்தியானம் என்னங்க சாப்பிட்டீங்க?” என்றேன்.

“கல்லாறுல மீன் சாப்பாடு. என்னத்துக்குக் கேக்கறே?”

“சும்மாத்தாங்க” என்றேன். சீ, அந்த எச்சிலை மோந்து பார்த்துத்தான் எனக்குப் போன உயிர் வந்தது.