மொழிபெயர்க்காத கேள்வி

பௌத்த உளவியல் பட்டயப் படிப்பின் பழைய விரிவுரைக் குறிப்பொன்று என் அலுமாரியில் இருக்கிறது. றோணியோ படியெடுப்புப் பொறியில் அடித்த தாள்கள், ஓரங்களில் மை பரவியிருக்கிறது. மகனைப் பறிகொடுத்த மன்னார்த் தாய் ஒருத்தி மூன்றாவது வாரத்திலேயே மூச்சைக் கவனித்து ஆறுதலடைந்தாள் என்று அதில் ஒரு வரி உண்டு. அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான்.

போர்க்காலத்தில் மன்னார்த் தீவில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தேன். சொந்த ஊர் வங்காலை. எனக்குச் சிங்களம் வரும் என்பதால், தெற்கிலிருந்து அங்கிருந்த அகதி முகாமுக்கு வந்த விரிவுரையாளர் ஒருவருக்கு மொழிபெயர்க்க என்னை அனுப்பினார்கள். மென்மையான மனிதர். பாளி நூல்களில் மனத்தைப் பற்றி இருப்பவற்றை உளவியலாகவே கற்பிக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. உளவியல் துறையினர் அதைச் சமயம் என்றார்கள். சமயத் துறையினர் வைத்தியம் என்றார்கள். துன்பப்பட்டவர்களிடம் அது பயன்பட்டது என்று காட்டினால்தான் பல்கலைக்கழகம் புதிய படிப்புக்கு இடம் கொடுக்கும். கொடுத்தால், முதல் வகுப்பில் எனக்கும் ஓரிடம் என்று வாக்களித்திருந்தார். தீவை விட்டு வெளியேற எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

அந்தத் தாய் மலையகத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து பெருநிலத்தில் கூலி வேலை செய்தவர். சோதனைச்சாவடியில் இராணுவத்தினர் மகனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். மூச்சுப் பயிற்சியின் மூன்றாவது வாரம், மூச்சைப் பார்க்கையில் என்ன தோன்றுகிறது என்று விரிவுரையாளர் கேட்டார்.

"மூச்சு வருது, போவுதுங்க. மகன்தான் வரல. அவன எந்தக் கேம்புல வச்சிருக்காங்கன்னு இந்த ஐயாவால கேட்டுச் சொல்ல முடியுமா?"

மனப்பாரம் குறைந்திருக்கிறதாம் என்று சிங்களத்தில் சொன்னேன். விரிவுரையாளரின் முகம் மலர்ந்தது. குனிந்து எழுதிக்கொண்டார்.

வெளியே தண்ணீர்க் குழாயடியில் அந்தத் தாய் என்னிடம் வந்தார். "எனக்குச் சிங்களம் வெளங்கும் தம்பி. எங்க தோட்டத்துக்குப் பக்கத்துல சிங்களக் கிராமந்தான்." பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாசல்ல ஆமிக்காரன் நின்னான்ல? அதனாலதான மாத்திச் சொன்னீங்க? அப்படியே சொல்லி அவன் கேட்டிருந்தா எனக்குத்தான வம்பு. நல்லா இருப்பீங்க."

வாசலில் சிப்பாய் நின்றதையே நான் கவனித்திருக்கவில்லை. ஆனாலும் "ஓம் அம்மா" என்று தலையாட்டினேன்.

படிப்பு தொடங்கியது. நான் படித்தேன், பின்னர் அங்கேயே கற்பித்தேன். அந்த வரியையும் சேர்த்துத்தான் கற்பித்தேன். சில ஆண்டுகள் கழித்து, இனித் தாங்காது என்ற நிலையில் விரிவுரையாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அந்தத் தாய் உண்மையில் கேட்டதைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"என் பழைய மாணவன் ஒருவன் அப்போது மன்னாரில் இராணுவ அதிகாரியாக இருந்தான். விசாரித்துப் பார்த்திருப்பேன்," என்றார். பிறகு, "மூச்சைப் பார்க்கச் சொல்வதற்கு முன் என்ன வேண்டும் என்று நான்தான் கேட்டிருக்கவேண்டும்," என்றார். அடுத்த ஆண்டுக் குறிப்பில் அந்த வரி இல்லை. அந்தத் தாயிடம் போய்ச் சொல்லும்படி என்னை அனுப்பினார்.

போர் அப்போதும் முடிந்திருக்கவில்லை. பயண அனுமதிப் பாஸ் எடுத்து, சோதனைச்சாவடிகளில் இறங்கி ஏறித் தீவுக்குப் போனேன். முகாமில் அந்தத் தாய் இருந்த கொட்டிலில் வேறொரு குடும்பம். பக்கத்துக் கொட்டில் பெண் சொன்னாள்: "அந்த அக்கா வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போயிருச்சுங்க. மகனப் பத்தித் தகவலே வரல. நீங்க யாரு?"

"அப்ப சிங்கள ஐயாவுக்கு மொழிபெயர்த்தனான்."

அவள் முகம் மாறியது. "அந்தத் தம்பியா நீங்க? போற அன்னைக்கும் ஒங்களத்தான் சொல்லிச்சு. ஆமிகிட்ட மாட்டாமக் காப்பாத்துன புள்ளன்னு." உள்ளே ஓடிப்போய்க் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து சேலைத் தலைப்பால் துடைத்தாள். "ஒக்காருங்க. சாயா போடுறேன்."

உண்மையைச் சொல்லத்தான் அத்தனை தூரம் போயிருந்தேன். உட்கார்ந்தேன். அவள் தந்த தேநீரைக் குடித்தேன்.